பெஞ்சுப்பழம்

கிருபைவிளைக் கோயிலில் பெஞ்சுகள் துளிர்த்தது எந்த வருஷம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள், மேலக்கிணறு வற்றிய கோடைக்கு அடுத்த கோடை என்பார் ஒருவர், கோபுரத்துக்கு வெள்ளையடிக்கக் கட்டிய சாரத்தைப் பிரிக்காமல் போட்டிருந்த சமயம் என்பார் இன்னொருவர், ஆனால் ஜெபக்கனியிடம் கேட்டால் மட்டும் அவள் தேதியைச் சொல்வாள், அன்றைக்குப் பாடிய பாட்டின் நம்பரைச் சொல்வாள், பாடும்போது யார் யார் வாயை மட்டும் அசைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வாள், ஏனென்றால் இருபத்தேழு வருஷமாக எந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கோயிலுக்குள் முதலில் கால் வைக்கிற ஆள் அவள்தான்.

பெஞ்சுகள் பர்மாத் தேக்கு. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்து, மாட்டுவண்டியில் தேரிக்காட்டுச் செம்மணலைத் தாண்டி, ஆசாரிமார் கையில் அறுபட்டு இழைபட்டு, மூன்று தலைமுறை முதுகுகள் சாய்ந்து சாய்ந்து கறுத்துப்போன மரம். அந்த மரத்தின் சாய்மானத்தில், அவரவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில், அவரவர் இடது தோளுக்கு நேராக, விரல் நீளத்துக்கு ஒரு துளிர் நின்றது. கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளை தவசிமுத்து, யாரோ கீரைக்கட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தார், பிடுங்கிப் பார்த்தார், வரவில்லை, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார், பளபளவென்று ஆனது. ஓடிப்போய் குருவானவரை, அந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். வேதமாணிக்கம் ஐயர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றார்.

"தண்ணி ஊத்தணுமா வேண்டாமாய்யா?" என்று கேட்டார் தவசிமுத்து.

"ஊத்தும். ஆனா தரை வழுக்காமப் பாத்துக்கிடும்" என்றார் ஐயர்.

அவ்வளவுதான் பேச்சு. பிறகு ஊர் அதைத் தன் வேலைகளில் ஒன்றாக்கிக்கொண்டது. பெண்கள் முறைவைத்துக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், கிளைகள் வளர வளர மின்விசிறிகளை ஒரு முழம் உயர்த்தி மாட்டினார்கள், காணிக்கைப் பை கிளையில் மாட்டிக்கொள்கிறது என்று அதன் கம்பைக் குட்டையாக்கினார்கள், கல்யாணத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுச்சேலை கிழியாமல் இருக்கத் துளிர்க்காத மடக்கு நாற்காலி போட்டார்கள். விவசாய ஆபீசர் ஒருவர் வந்து இரண்டு இலைகளைக் கிள்ளிக் கவரில் போட்டுக்கொண்டு எழுதிப்போடுகிறேன் என்று போனவர் போனவர்தான். ஆடு நுழையாமல் இருக்க வாசலில் தட்டி கட்டினார்கள். இடம் மாறி உட்கார்ந்து பார்த்தவர்களும் உண்டு, ஆனால் ஒரே வாரத்தில் பழைய இடத்தில் கிளை உதிர்ந்து புது இடத்தில் அதே கிளை நின்றது, அப்போதுதான் கிளை பெஞ்சுக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது என்று ஊருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் பிரசங்கம் நீளும்போது பீடி குடிக்க வெளியே போகிற ஆண்கள்கூட எழுந்து போவதில்லை. போனால் இலை பழுத்து ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் மழைக்குப் பின் சிலருடைய கிளைகள் காய்த்தன. எலுமிச்சை அளவு, செங்கல் நிறம், உள்ளே பஞ்சுபோல் சதை. என்ன பழம் என்று யாருக்கும் தெரியாததால் பெஞ்சுப்பழம் என்றார்கள். ஒவ்வொருவர் பழமும் ஒவ்வொரு ருசி, கண்ணைக் கட்டிக்கொண்டு தின்றாலும் இன்னார் பழம் என்று சொல்லிவிடலாம். தபால்காரர் பழத்தில் புதுக் காகித வாசனை, உப்பளத்தில் வேலை பார்த்த ரஞ்சிதத்தின் பழத்தில் இனிப்புக்குள் ஒரு கரிப்பு. ஆனால் காய்த்தவரே தின்றால் எட்டிக்காய்க் கசப்பு, தொண்டையைப் பிடித்து வீங்கச் செய்துவிடும். ஆகவே தன் பழத்தைத் தானே பறித்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும் என்று வழக்கம் உண்டாயிற்று. ஐயருடைய கிளையில் வெறும் பூதான். "எனக்கு இன்னும் பூதான்" என்று அவரே பிரசங்க மேடையில் நின்று சொன்னார், சபை சிரித்தது, அவரும் சிரித்தார்.

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இலை வந்திருந்தது. அந்தக் கோயிலிலேயே அவளுடைய கிளைக்குத்தான் இலை அதிகம், பச்சையென்றால் கண்ணைக் குத்துகிற பச்சை, பின் பெஞ்சுக்காரர்கள் பலிபீடம் தெரியாமல் தலையைச் சாய்த்துப் பார்க்கும் அளவுக்கு அடர்த்தி. முதல் வருஷம் அவள் அதைப் பெருமையாகத்தான் தடவிக்கொண்டிருந்தாள். பின்னே என்ன? ஞாயிறு பள்ளியை நடத்துவது அவள், பெண்கள் சங்கத்துக்குக் காரியதரிசி அவள், வெள்ளிக்கிழமை உபவாசம் தப்பாதவள், வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை பதினான்கு தடவை வாசித்து முடித்தவள், பலிபீடத்துக்குப் பூ வைக்கக் கோயிலைத் திறக்கிற மேல்சாவியும் அவள் இடுப்பில்தான் இருந்தது. பேரிலேயே கனி இருக்கிறவளுக்குக் காய்க்காமல் வேறு யாருக்குக் காய்க்கும்?

அவள் வீட்டுக்கும் அவள் ஓரகத்தி குளோரி வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஜெபக்கனியின் புருஷன் ஞானமுத்து வாத்தியாருக்குத் தம்பி ஆசீர், அந்த ஆசீரின் பெண்டாட்டி குளோரி. அவள் மாவு மில் நடத்தினாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இரண்டு பேருக்கு அரைத்துக் கொடுத்துவிட்டு, பாதி ஆராதனையில், புருவமெல்லாம் மாவாக வந்து, செருப்புக் கிடக்கிற வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்காருவாள், பிரசங்கம் தொடங்கினதும் தூங்கிவிடுவாள். வாயைத் திறந்தால் வசவு. ஆசீர் அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு பம்பாய்க்குப் போய் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்தபிறகு திரும்பி வந்து வாசலில் நின்றபோது, குளோரி தனக்குத் தெரிந்த அத்தனை வசவையும் தெரு கூடி நிற்க, தீரும்வரை வைதுவிட்டு, கடைசியில் அவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். அன்றைக்கு ஜெபக்கனி சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "வெக்கங்கெட்டவ" என்று சொன்னாள். அப்போதிருந்து தினமும் நான்கு வேளை அந்தச் சுவர் வழியாக வசவும் கரண்டிச் சத்தமும் சேர்ந்தே கேட்டன. குளோரி திட்டிக்கொண்டேதான் ஊட்டுவாள்.

முதல் வருஷம் குளோரியின் தோளுக்குப் பின்னால் ஒரு காய்ந்த குச்சி மட்டும் இருந்தது, ஒரு இலைகூட இல்லை. அதைப் பார்த்துத்தான் ஜெபக்கனி கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து பேசினாள்.

"கோயிலுக்குள்ள எடமே இல்ல. தண்ணியும் பத்தல. மூணு அறுப்புப் பண்டிகை பாப்போம். மூணாவது பண்டிகைக்கும் காய்க்காத கெளைய ஆசாரிய விட்டு அறுத்துப் போட்ரணும். அந்த ஆளு வெளிய பந்தல்ல உக்காந்து ஜெபிக்கட்டும்."

"அது கொஞ்சம் கடுசுல்லா?" என்றார் ஐயர்.

"மூணு வருஷம் கொஞ்சமாய்யா?" என்றாள் ஜெபக்கனி. தீர்மானம் நிறைவேறியது.

இரண்டாம் வருஷம் ஐப்பசி மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை, குளோரியின் காய்ந்த குச்சியில், பூவில்லாமல் இலையில்லாமல், மொட்டைக் குச்சியிலேயே கொத்தாக ஏழு பழங்கள் தொங்கின. ரஞ்சிதம் ஒன்றைத் தின்றுவிட்டு, வறுத்த கேப்பை மாவு வாசனை அடிக்கிறது, வயிறு குளிருகிறது என்றாள். பார்த்தவர்கள் எல்லோரும் கை நீட்டினார்கள். குளோரி தூங்கி எழுந்த கண்ணோடு, "பிடுங்கிக்கிடுங்க, எனக்கு என்னத்துக்கு" என்றாள்.

அந்த "என்னத்துக்கு" ஜெபக்கனியின் நெஞ்சில் நெருஞ்சி முள்போல ஏறி நின்றது. வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், சோறு இறங்கவில்லை. எதற்கு என்று கேட்கிறவளுக்குக் கொடுத்திருக்கிறீரே, இருபத்தேழு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறவளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அடுப்படியில் நின்று ஆண்டவரிடம் நேருக்கு நேர் கேட்டாள். அதற்கப்புறம் அவளுக்குச் சங்கீதம் பாடினாலும் கண் கடைசி பெஞ்சில், கண்ணை மூடி ஜெபித்தாலும் இமைக்குள்ளே செங்கல் நிறத்தில் ஏழு உருண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் வந்து குளோரியின் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். குளோரி பாதி ஆராதனையில் வந்து பார்த்தாள், வாசல் நிலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள், பிரசங்கம் முடிவதற்குள் அந்த மரநிலை துளிர்த்து அவள் தோளுக்கு நேராகக் காய்த்தது. ஜெபக்கனியின் இலைகளோ அவளைத் தேடிக் கடைசி பெஞ்சுக்கு வந்து, வாசலை அடைத்துக்கொண்டு பச்சைப்பசேல் என்று நின்றன. அடுத்த வாரம் அவள் தன் பழைய இடத்துக்கே போய்விட்டாள்.

மூன்றாம் வருஷம் ஒவ்வொருவராகக் காய்த்தார்கள். வாய்க்கால் தகராறில் அண்ணனோடு பேசாமல் இருந்த மில்டன் காய்த்தான். ஆராதனையில் கொட்டாவி விடுகிற வாத்தியார் ஞானமுத்து, அவளுடைய சொந்தப் புருஷன், இரண்டு காய்த்தார், அதில் ஒன்றை அவள் கையில் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் வாங்கவில்லை. ஐயர்கூடக் காய்த்தார். பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சபையிலேயே காய்க்காத கிளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மறுநாள் காலை ஆறுமுக ஆசாரி வாளோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில், தவசிமுத்து சாப்பிடப் போயிருந்த நேரம், ஜெபக்கனி பலிபீடத்துக்குப் பூ வைக்கிற சாக்கில் கோயிலைத் திறந்தாள். உபவாச நாள், வயிறு காலி. கடைசி பெஞ்சுக்குப் போனாள், குளோரியின் நான்கு பழங்களில் பெரியதைத் திருகினாள், காம்பில் பால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. பூக்கட்டுகிற வெள்ளை நூலை எடுத்து, தன் கிளையின் இலைகளுக்கு நடுவே அந்தப் பழத்தைத் தொங்கவிட்டு, மூன்று முடிச்சுப் போட்டாள்.  

மறுநாள் ஆசாரி வாளைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை கோயில் கரும்பும் வாழைத்தாரும் பூசணியும் கால் கட்டின சேவலுமாக நிறைந்திருந்தது. சபையின் கடைசிக் கிளையும் காய்த்துவிட்டது என்று ஐயர் அறிவித்தபோது அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள், ஞானமுத்து வாத்தியார் கண்ணைத் துடைத்தார். ஜெபக்கனி யோசித்து வைத்திருந்தாள்: பழத்தைப் பக்கத்திலிருக்கும் செல்வராணியின் மடியில் கிடக்கிற பல் முளைக்காத பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும், பிள்ளைக்கு யார் ருசி என்று சொல்லத் தெரியாது. கையால் மறைத்துக்கொண்டு நூலை நகத்தால் அறுத்துப் பழத்தை எடுத்தாள்.

"ஜெபக்கனியம்மா, அதை இங்க கொண்டாங்க" என்றார் ஐயர், கத்தியை எடுத்துக்கொண்டு. "கடைசிக் கனி. பொடிப்பொடியா நறுக்கி எல்லாருக்கும் கொடுப்போம். சபை பூரா ருசி பாக்கட்டும்."

ஜெபக்கனிக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. பலிபீடத்துக்கும் அவளுக்கும் எட்டு அடிதான். அந்த எட்டு அடிக்கு அப்பால் கேப்பை மாவு வாசனை ஊர் வாயில் ஏறப்போகிறது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து குளோரி எழுந்து வந்தாள். அவள் காலையில் வந்ததுமே தன் குச்சியைப் பார்த்துவிட்டாள், நான்கு மூன்றாகியிருந்ததையும், மொட்டைக் காம்பில் பால் காய்ந்து வெள்ளையாக நின்றதையும், முன்னால் இலைகளுக்கிடையே தொங்குகிற பழத்தையும். செருப்பில்லாத காலோடு நடுப்பாதையில் நடந்துவந்து, ஜெபக்கனியின் முகத்துக்கு நேராக நின்று, ஒரு மூச்சு நேரம் பார்த்தாள்.

"யக்கா, அத எனக்குத் தாங்க" என்று கையை நீட்டினாள்.

"ஏம்மா குளோரி, எல்லாருக்கும்..." என்று ஐயர் தொடங்குமுன், அவள் பழத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். கொட்டையோடு, தோலோடு, மூன்றே கடியில் முழுப் பழத்தையும் மென்று விழுங்கினாள். தன் பழத்தைத் தானே தின்றவர்கள் தரையில் உருண்டு துப்பியதை ஊர் பார்த்திருக்கிறது. குளோரியின் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது, ஆனால் முகம் சுளிக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"சீனி மாதிரி இருக்கு" என்றாள் குளோரி. அதற்குள்ளேயே குரல் கம்மிவிட்டது.

அவசரக்காரி, பேராசைக்காரி, ஊருக்குக் கொடுக்க வேண்டியதை ஒருத்தியே முழுங்கினாளே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஜெபக்கனி நூலைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு நன்றி வரவில்லை. முதலில் உயிர் வந்தது, பிறகு அடி வயிற்றிலிருந்து ஒரு கோபம் கிளம்பி வந்தது. பழம்தான் அவளுக்கு என்று இருந்தேன், இதுவும் அவளுக்கா? இப்படி ஒரு காரியம் செய்கிற மனதும் அவளுக்கேவா?

மறுநாள் காலை மில்லுக்குப் போனாள். குளோரி தொண்டை வீங்கி, கழுத்தில் துணி சுற்றி, மாவுப் புகைக்குள் நின்றிருந்தாள். பேசினால் காற்றுத்தான் வந்தது. ஜெபக்கனி வந்ததைப் பார்த்து மில்லை நிறுத்தினாள்.

"ஏன் அப்படிச் செஞ்ச?"

"எப்படி?"

"காட்டிக் குடுத்திருக்கலாம்லா. ஊரே என்னப் பாத்துச் சிரிச்சிருக்கும். உனக்கு நல்லாருந்திருக்கும்."

"நல்லாத்தான்க்கா இருந்திருக்கும்" என்றாள் குளோரி. "எந்திரிச்சு வரும்போது அந்த நெனப்பாத்தான் வந்தேன். நாலு வார்த்த நறுக்குன்னு கேக்கணும்னு. கிட்ட வந்து உங்க மூஞ்சியப் பாத்தேன். எங்க வீட்டு ஆளு பம்பாய்லேர்ந்து வந்து வாசல்ல நின்னாருல்லா, அன்னைக்கு வச்சிருந்த அதே மூஞ்சி."

ஜெபக்கனிக்குச் சுருக்கென்றது. "அவனும் நானும் ஒண்ணா?"

"எனக்கு என்ன தெரியும். மூஞ்சியத்தான் சொன்னேன்." குளோரி முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அந்த ஆள நான் அன்னைக்கே வெரட்டியிருக்கணும். தெனமும் காலைல நெனப்பேன், இன்னையோட இவனக் கொண்டுபோயி ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுட்டு வந்துருவோம்னு. சரி, கஞ்சி குடிக்கட்டும், பெறவு பாத்துக்கிடுவோம்பேன். கஞ்சி குடிச்சு முடிக்கயில மில்லுக்கு நேரமாயிரும். அப்படியே வருசம் ஓடிட்டுக்கா. அவரு திருந்தவும் இல்ல, நேத்துக்கூட கரண்டியத் தட்டி விட்டாரு. ஆண்டவரும் நம்மள அப்படித்தான் வச்சிருக்காரோ என்னமோ. அருவாளத் தூக்கிட்டுத்தான் வருவாரு. வந்து பாத்துட்டு, சரி, இந்த வருசமும் கெடக்கட்டும்னு போயிருவாரு."

ஜெபக்கனி திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அவளுக்கு எரிந்தது. பதினான்கு தடவை வாசித்தவளுக்கு இப்படி ஒரு வார்த்தை வாயில் வந்ததில்லையே, கேப்பை அரைக்கிற இடைவெளியில் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எரிந்தது. ஆனால் அந்த எரிச்சல் பழையபடி அவளைச் சூடாக்காமல், சுட்டுச் சுட்டு எதையோ உள்ளே உருக்கிக்கொண்டிருந்தது. ஆறு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, அதை உபவாசம் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகள் வாசிக்கிற நேரத்தில் எழுந்து நின்றாள். உள்ளங்கையை விரித்து வெள்ளை நூலைக் காட்டினாள்.

"இந்த நூலு என்னோடது. அந்தப் பழம் என்னோடது இல்ல, குளோரியோடது. நான் திருடிக் கட்டுனேன். தீர்மானம் கொண்டுவந்தவளும் நான்தான். ஆசாரியக் கூப்பிடுங்க."

 பெஞ்சு பெஞ்சாகப் பேச்சுக் கிளம்பியது. அவளிடம் குட்டு வாங்காத ஆள் சபையில் இல்லை, பாட்டைத் தப்பாகப் பாடினதற்கு, தலையில் துணி போடாததற்கு, காணிக்கையை மடித்துப் போட்டதற்கு. அறுக்கத்தான் வேண்டும் என்றான் மில்டன். தீர்மானம் தீர்மானம்தான் என்றாள் செல்வராணி. ஆசாரி வந்தார், வாளின் துணியைப் பிரித்தார், கிளையின் அடியில் வைத்துப் பார்த்துவிட்டு ஐயர் முகத்தைப் பார்த்தார். ஐயர் சபையைப் பார்த்தார்.

குளோரி எழுந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், குரல் எழும்பவில்லை. விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். அவள் திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு ஓலைக்கடகம் இருந்தது, கோயில் மதிலை ஒட்டிய கிடையிலிருந்து அள்ளிய ஆட்டுப்புழுக்கை கடகம் நிறைய. அதை நேராக ஜெபக்கனியின் பெஞ்சுக்குக் கொண்டுபோய், அவள் காலடியில், சிவப்புப் பாலிஷ் போட்ட தரையில் கொட்டினாள்.

யாரும் விளக்கம் கேட்கவில்லை. காய்க்காத மரத்தை வெட்ட வந்த எஜமானிடம், சுற்றிக் கொத்தி எருப்போடுகிறேன், இந்த ஒரு வருஷம் விட்டுவையும் என்று தோட்டக்காரன் கெஞ்சின வேதக்கதை அவர்கள் எல்லோருக்கும் ஐந்து வயதிலேயே தெரியும். அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே ஜெபக்கனிதான். முதலில் தவசிமுத்து போய்க் கடப்பாரை எடுத்துவந்தார். பெஞ்சின் கால்களைச் சுற்றித் தரையை உடைத்தார்கள், தொண்ணூறு வருஷமாக வெளிச்சம் பார்க்காத தேரி மண் சிவப்பாக மேலே வந்தது. அறுக்கத்தான் வேண்டும் என்று சொன்ன மில்டன் இரண்டு கூடை எரு கொண்டுவந்து தட்டினான். ஐயர் அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு மண்ணைக் கிளறினார். அந்தக் கோயிலிலேயே சுத்தக்காரியான ஜெபக்கனி அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலைக் கணுக்கால்வரை எருவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், வாடை சேலையில் ஏறி வீடுவரை வந்தது. மேல்சாவியைக் கமிட்டியிடம் கொடுத்துவிட்டாள். நாலாம் பண்டிகைக்கும் அவளுக்குக் காய்க்கவில்லை. குளோரிக்குப் பதினொன்று காய்த்தது. ஜெபக்கனிக்கு வயிறு எரியத்தான் செய்தது. எரிகிறது என்று இப்போது ஜெபத்தில் வாய்விட்டே சொன்னாள்.

மாசி மாதம் குளோரிக்கு மஞ்சள்காமாலை வந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள், இரண்டு மாதம் அங்கேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். மில் பூட்டிக் கிடந்தது. ஆசீருக்குக் கஞ்சி யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, "நான் குடுக்கேன்" என்றாள் ஜெபக்கனி. சொல்லும்போதே அவள் மனதில் ஒரு கணக்கு ஓடியது: இதற்கும் காய்க்காமல் போகுமா?

முதல் நாள் ஆசீர் கஞ்சியை அவள் முகத்தில் துப்பினார். இரண்டாம் நாள் நல்ல கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். மூன்றாம் நாள், "அவ எங்க? அவ வந்து ஊட்டட்டும்" என்று கோணிய வாயால் கத்தினார். ஜெபக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள், ஞாயிற்றுக்கிழமை போய்க் கிளையை இலை இலையாக விலக்கிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் பார்த்தாள். அதற்கடுத்த வாரமும். அந்த மனிதருக்குப் படுக்கைப்புண் வந்தது, வெந்நீரில் வேப்பிலை போட்டுக் கழுவினாள். மலச்சிக்கல் வந்தது, அதையும் பார்த்தாள். ஒரு மத்தியானம் அவளுக்கே தெரியாமல் அவள் வாயிலிருந்து குளோரியின் வசவு ஒன்று அப்படியே வந்து விழுந்தது, ஆசீர் திகைத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார், நான்கு கரண்டி உள்ளே போயிற்று. அன்றைக்கு அவள் தனியாக அடுப்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அதன்பிறகு கிளையைப் பார்க்க அவளுக்கு நேரமில்லாமல் போனது, நேரமில்லை என்பதும் அவள் நினைவில் இல்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசீருக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். இரண்டாம் மணி அடித்தது, மூன்றாம் மணி அடித்தது, ஜெபக்கனி போகவில்லை. முதல் பாட்டுச் சத்தம் காற்றில் வந்தது. கொஞ்ச நேரத்தில் தவசிமுத்து மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார்.

"யம்மா, வாங்க, சீக்கிரம் வாங்க. உங்க கெளையில காய் புடிச்சிருக்கு. ஐயரு ஆராதனைய நிப்பாட்டிட்டு நிக்காரு. சபை பூரா உங்க எடத்தச் சுத்தித்தான் நிக்கி."

ஜெபக்கனி கரண்டியும் கையுமாகத் திரும்பினாள். பழைய வழக்கம், வாய் தானாகக் கேட்டது. "குளோரி கெளையில எத்தன?"

"அவங்களுக்கு ஏது? ஆள் ஆஸ்பத்திரியில கெடக்கு, குச்சி காஞ்சு நிக்கி. ஒண்ணுகூட இல்ல."

குளோரி காய்த்த நாளிலிருந்து அந்த ஒரு பதிலுக்குத்தான் அவள் காது காத்திருந்தது. கேட்டபோது இனிக்கவில்லை. 

"என்னோடது எவ்வளவு பெருசு?"

"சுண்டைக்காய் இருக்கும்."

"அப்ப பழுக்க நாளாகும்லா. பழுத்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி அவ கையில குடுக்கணும். நீங்க போயி ஐயர ஆராதனைய நடத்தச் சொல்லுங்க."

"நீங்க வரலியாம்மா?"

"இவரு இன்னும் ரெண்டு வாய்கூட குடிக்கல."

தவசிமுத்து தயங்கி நின்றுவிட்டுப் போனார். ஆசீர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். ஜெபக்கனி கூப்பிடவில்லை, தோளைத் தொட்டு உலுக்கவும் இல்லை. கஞ்சியை ஒரு தடவை கிண்டிவிட்டு, கரண்டியில் அள்ளி, அவர் இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று ஏந்தியபடி உட்கார்ந்திருந்தாள்.